கிரிகோவா ஒயின் கிடங்குக்குப் போன மாணவர்கள்: படிப்பா, உல்லாசமா?

தக்கலைப் பெண் (இழையைத் தொடங்கியவர்):

எல்லாருக்கும் வணக்கம். கிழக்கு ஐரோப்பாவில் இருக்கிற மால்டோவாவில் மருத்துவம் படிக்கிறேன். உயிர்வேதியியல் ஆசிரியை எங்கள் வகுப்பை கிரிகோவா ஒயின் ஆலைக்குக் கூட்டிப்போனார். பெரிய ஓக் பீப்பாய்களுக்கு முன்னால் நாங்கள் நிற்கிற படம் எப்படியோ எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவுக்குள் போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மற்ற எல்லாரும் சொல்லிவிட்டார்கள். "டாக்டருக்குப் படிக்கப் போனவ சாராயக் குடோன்ல என்ன செய்யா?" என்று பெரியப்பா கேட்க, அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள்.

பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கிரிகோவா தலைநகர் கிஷினாவுக்கு வடக்கே 15 கிலோமீட்டர் போல. மேலே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாம் பூமிக்கு அடியில். கிஷினாவ் நகரத்தைக் கட்டுவதற்குச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த சுரங்கம் அது. கல் போன இடத்தில் 1952-ல் ஒயின் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பாதைகளின் மொத்த நீளம் 120 கிலோமீட்டர் அளவுக்கு வருமாம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்ப் பாதி வழி திரும்பி வருகிற தூரம். நடந்து தீராது, அதனால் மின்சார வண்டியில்தான் கொண்டுபோகிறார்கள். பாதைக்குப் பாதை தெருப் பலகை உண்டு, கேபர்னே தெரு, பினோ தெரு என்று ஒயின் வகைகளின் பெயரில். விண்வெளிக்குப் போன ககாரின் 1966-ல் வந்துபோன கதையை எல்லாருக்கும் சொல்கிறார்கள், எங்களுக்கும் சொன்னார்கள்.

வெளியே வெயிலடித்தாலும் பனி கொட்டினாலும் உள்ளே வருஷம் முழுக்க 12 முதல் 14 டிகிரிதான். ஈரப்பதம் 97, 98 சதவீதம். சுவரில் கை வைத்தால் விரல் நனைகிறது. ஸ்வெட்டர் எடுக்காமல் வந்த பையன்களுக்குப் பல் கிட்டித்துவிட்டது.

பீப்பாய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நுரைக்கும் ஒயின் செய்கிற பகுதியில்தான் நேரம் போனதே தெரியாமல் நின்றேன். தயாரான ஒயினைப் புட்டியில் ஊற்றி, லிட்டருக்கு 24 கிராம் போலச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். புட்டிக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதிக்கிறது. வாயு வெளியே போக வழியில்லாமல் 6 வளிமண்டலம் வரை அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பதைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்தப் புட்டிக் கண்ணாடி ஏன் அவ்வளவு கனம் என்று அங்கேதான் புரிந்தது.

செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும். அதைக் கழுத்துக்குக் கொண்டுவர, ஓட்டை போட்ட சாய்ந்த மரப் பலகைகளில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி வைக்கிறார்கள். ஒரு அம்மா கம்பளிச் சட்டையோடு நின்று, இரண்டு கையாலும் இரண்டு புட்டியைப் பிடித்து, ஒரு சின்னக் குலுக்கல், கொஞ்சம் திருப்பல், கொஞ்சம் நிமிர்த்தல், அடுத்த ஜோடி என்று போய்க்கொண்டே இருந்தார். புட்டியின் அடியில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருக்கிறது. எவ்வளவு திருப்பியாயிற்று என்பதற்கு அதுதான் கணக்கு. கண்ணாடி மரத்தில் உரசுகிற டக் டக் சத்தம் தவிர அங்கே வேறு சத்தமே இல்லை. வாரக்கணக்கில் இப்படித் திருப்பினபிறகு கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், உள்ளே இருக்கிற அழுத்தமே வண்டலைக் கட்டியாக வெளியே தள்ளிவிடும்.

இதில் உல்லாசம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்று:

மக்களே, கோவப்படாதே. உன் பெரியப்பா வயசுதான் எனக்கும். சுகாதாரத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நீ எழுதினதை இரண்டு தடவை வாசித்தேன், நல்லா எழுதியிருக்கிறாய். ஆனால் ஒரு பக்கத்தை விட்டுவிட்டாய்.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் போட்ட அறிக்கையை எடுத்துப் பார். 2016 கணக்குப்படி மால்டோவாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆளுக்கு வருஷத்துக்குச் சராசரி 15 லிட்டர் சுத்த ஆல்கஹால் போகிறது. உலகத்திலேயே முன்வரிசை. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மருத்துவ மாணவர்களை அந்த ஊரில் கூட்டிப்போக வேண்டிய இடம் கல்லீரல் வார்டு. விளக்குப் போட்ட சுரங்கம் இல்லை. தெருப் பலகை, ககாரின், வண்டிச் சவாரி எல்லாம் வியாபாரத்துக்கான ஜோடனை. சின்ன வயசில் ஜோடனை மனசில் பதிந்தால் பிறகு எடுக்க முடியாது.

கொல்லங்கோட்டான்:

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ், இந்தப் பக்கம் கள்ளுக்கு கேஸ். இதற்கு நடுவில் வளர்ந்த நாம் மால்டோவாவுக்குத் தீர்ப்புச் சொல்கிறோம். நல்லாயிருக்கு.

தக்கலைப் பெண்:

@ஆரல்வாய்மொழிக் காற்று மாமா, நீங்கள் சொன்ன அந்த 15 லிட்டரைத்தான் வண்டி ஏறுவதற்கு முன்பே ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். கல்லீரல் வார்டும் உண்டு, அது அடுத்த வருஷப் பாடம்.

அவர் எங்களுக்குக் கொடுத்த தாளில் இருந்த கேள்விகள் வேறு மாதிரி. ஒயினில் மெத்தனால் என்கிற விஷ ஆல்கஹால் எங்கிருந்து வருகிறது? திராட்சைத் தோலில் இருக்கிற பெக்டின் உடையும்போது கொஞ்சம் வரும். சிவப்பு ஒயினில் தோலோடு சேர்த்து நொதிக்க விடுவதால் வெள்ளையைவிட அதிகம். அதனால் சர்வதேச வரம்பு சிவப்புக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம், வெள்ளைக்கு 250. அதை ஆலையின் ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தோம். அப்புறம் அவர் எங்களில் இந்தியர்களைப் பார்த்து, 2024 ஜூனில் உங்கள் ஊரில் என்ன நடந்தது, சொல்லுங்கள் என்றார். கள்ளக்குறிச்சியைத்தான் கேட்டார். அறுபதுக்கு மேல் ஆட்கள் செத்தது, கண் போனது, எல்லாவற்றையும் நாங்கள்தான் எழுந்து நின்று சொன்னோம். மெத்தனாலை உடம்பில் ஒரு நொதி மாற்றத் தொடங்கி, அது ஃபார்மிக் அமிலமாகும்போதுதான் கண் நரம்பு கெடுகிறது. அதே நொதிக்கு எத்தனால்மேல் நாட்டம் அதிகம் என்பதால், ஃபோமெபிசோல் என்ற மாற்றுமருந்து இல்லாத இடத்தில் எத்தனாலையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். இதைப் புத்தகத்தில் நாலு வரியாகப் படித்திருந்தேன். அந்த ஆய்வக மேசை முன்னால் நின்று கேட்டது தலையில் நின்றுவிட்டது.

கந்தக டை ஆக்சைடு இன்னொன்று. ஒயின் கெடாமல் இருக்கப் போடுவது. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு அது மூச்சைப் பிடித்துவிடும். நோயாளியிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இங்கேயும் படிப்புதான்.

ஒயின் சுவைக்கிற மேசையும் இருந்தது, மறைக்கவில்லை. விருப்பமில்லாதவர்கள் போக வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். எங்களில் சிலர் மேலே வந்து காபி குடித்தோம்.

பனங்காட்டு மகன்:

தங்கச்சி, நான் கேட்பது வேறு. அப்பா பனையேறி. நானும் சின்ன வயசில் ஏறியிருக்கிறேன், இப்போது சீசனில் மட்டும் விடிலிக் குடிசையில் கருப்பட்டி காய்ச்சுகிறேன், மீதி மாசம் டிரைவர்.

எங்கள் பொருள் எவ்வளவு நேரம் நிற்கும் தெரியுமா? பாளையைக் கடிப்பு வைத்து இடுக்கி, சீவி, கலயத்தைக் கட்டுகிறோம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, அதாவது பதநீர், தடவாவிட்டால் கள்ளு. ஒரு கை சுண்ணாம்புதான் வித்தியாசம். அந்த அக்கானியும் வெயில் ஏறினால் நுரைத்துவிடும். காலையில் இறக்கினதை உடனே அடுப்பில் ஏற்றணும், இல்லாவிட்டால் கருப்பட்டி பிடிக்காது, சிரட்டையில் ஊற்றினால் இளகிப்போய்க் கிடக்கும். ரோட்டோரம் வைத்து விற்கிற அக்கானி மத்தியானத்துக்கு மேல் யாருக்கும் கொடுக்கிற மாதிரி இருக்காது.

இவர்கள் ஒரு பழச்சாற்றைப் பூமிக்குள் வைத்து வருஷக்கணக்கில் காப்பாற்றுகிறார்கள். கள்ளு இறக்க அனுமதி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை எனக்கு வேண்டாம், அதை மேடையில் பேச ஆள் இருக்கிறது. அக்கானியை நாலு நாள் நுரைக்காமல் வைக்க வழி அங்கே ஏதாவது கண்டாயா?

கருங்கல் வாத்தியார்:

நல்ல கேள்வி. நான் உணவுத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிறவன், கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஒயின் கெடாமல் நிற்பதற்கு அந்த ஆலையின் திறமை பாதி, ஒயினின் சுபாவம் பாதி. திராட்சைச் சாறு பிறக்கும்போதே புளிப்பு. நொதித்தபிறகு அதில் 12 சதவீதம் போல ஆல்கஹால் இருக்கும். புளிப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் பெரும்பாலான கிருமி தலைகாட்டாது. அக்கானியில் இரண்டும் கிடையாது. பத்துக்கு மேல் சதவீதம் சர்க்கரை, புளிப்பே இல்லாத தண்ணீர், மேலே 30 டிகிரி வெயில். கிருமிக்கு அதைவிடச் சொகுசான இடம் வேண்டுமா? சுண்ணாம்பின் காரம்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் கிரிகோவாவின் சுரங்கத்தை நகல் எடுத்துப் பிரயோஜனம் இல்லை. நம் குமரி மாவட்டத்தில் எவ்வளவு தோண்டினாலும் 12 டிகிரி கிடைக்காது. பூமிக்குள் வெப்பம் அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டியே நிற்கும். நமக்கு அது 27, 28.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கழுவுதல். பெரிய ஒயின் ஆலை எதற்குள் போனாலும் ஆட்கள் ஒயினோடு இருக்கிற நேரத்தைவிட ஹோஸ் பைப்போடு இருக்கிற நேரம்தான் அதிகம். ஒரு லிட்டர் ஒயினுக்குப் பல லிட்டர் தண்ணீர் கழுவலிலேயே போகிறது. நம் கலயம் மண், அதன் நுண்துளைக்குள் நேற்றைய ஈஸ்ட் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. உணவுத்தர எஃகுப் பாத்திரமோ, தடித்த உணவுத்தரப் பையோ, ஐஸ் வைத்த பெட்டிக்குள் கட்டினால் மரத்திலேயே பாதிப் பிரச்சினை தீரும். பனையில் கனம் ஏறும் என்பது உண்மை, ஏறுகிற ஆளிடம் கேட்டுத்தான் செய்யணும்.

அப்புறம் சூடு. பாஸ்ச்சர் முதலில் சூடாக்கிப் பார்த்தது பாலை அல்ல, ஒயினை. 1860-களில் பிரான்சின் ஒயின் கெட்டுப்போனதற்கு வழி கேட்டார்கள், அவர் 50, 60 டிகிரி வரை சூடாக்கினால் போதும் என்றார். இறக்கின உடனே வடிகட்டி, சூடாக்கி, புட்டியில் அடைத்து, குளிரில் வைத்தால் அக்கானி நாள்கணக்கில் நிற்கும். உடனே என்பதுதான் கஷ்டம். மரமும் அடுப்பும் குளிர்பெட்டியும் ஒரே இடத்தில் இருக்காது.

@தக்கலைப் பெண், ஒரு விஷயம் உன் ஆசிரியையிடம் சொல். கள்ளில் ஈஸ்ட் மட்டும் இல்லை, சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் வேலை செய்கிறது. ஈஸ்ட் ஒரு குளுக்கோஸில் இரண்டு ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தருகிற மூலக்கூறு) எடுக்கும், இது வேறு பாதையில் போய் ஒன்றுதான் எடுக்கும். அதனாலேயே வயிற்றுக்காக அதிகச் சர்க்கரையைத் தின்று வேகமாக ஆல்கஹால் ஆக்கும். அவருக்குப் பிடிக்கும்.

தேங்காப்பட்டணம் அலை:

என் மகனும் இந்த வருஷம் அங்கே சேருகிறான். ஒரு தகப்பனாகக் கேட்கிறேன், இந்தப் பயணம் கட்டாயமா? வீட்டில் நாங்கள் யாரும் மதுவைத் தொடுகிறவர்கள் இல்லை, அந்த இடத்துக்கே போகக் கூடாது என்று பாட்டி சொல்கிறார்.

தக்கலைப் பெண்:

எங்களுக்குக் கட்டாயம் இல்லை சார். வராதவர்களுக்கு ஆய்வகத்தில் அதே தாள், அதே மதிப்பெண். இஸ்லாமிய மாணவர்கள் சிலர் வரவில்லை, ஆசிரியை காரணம்கூடக் கேட்கவில்லை. வந்தவர்களிலும் சிலர் ஆய்வகத்தோடு திரும்பிவிட்டார்கள். மகன் வேண்டாம் என்றால் தயங்காமல் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

உதயகிரிக் கோட்டை:

கிறிஸ்துமஸ் வந்தால் நம் பாதி வீடுகளில் பரணிக்குள் கருப்புத் திராட்சையும் சீனியும் கிராம்பும் போட்டுத் துணி கட்டி வைக்கிறோம். அதைக் கேக்கோடு பெரியப்பாமாருக்கும் கொடுக்கிறோம். அப்போது அது பலகாரம். பிள்ளை பீப்பாய் முன்னால் நின்றால் சாராயம்.

எங்கள் வீட்டு அளவு சொல்கிறேன், யாருக்காவது உபயோகப்படும்:

[இந்தப் பகுதி நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்:

செய்முறை வேண்டாம். வீட்டில் செய்தாலும் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி குற்றம். இழை நன்றாகப் போகிறது, மூட வைக்காதீர்கள்.

வேளிமலை மேகம்:

பங்குப்பணியில் உள்ளவன். ஒரு சின்னத் தகவல். கத்தோலிக்கத் திருப்பலிக்கு உரிய ஒயின் திராட்சையிலிருந்து இயற்கையாக வந்ததாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 924. அதனால் ஒயின் எப்படிக் கெடும், எப்படிக் கெடாது என்பது எங்களுக்கும் பாடம்தான். ஆரல்வாய்மொழி அண்ணன் சொல்வதை நான் மறுக்கவில்லை. குடியால் அழிந்த வீட்டு அடக்கம் நடத்துகிறவர்கள் நாங்கள்தான்.

ஆரல்வாய்மொழிக் காற்று:

சரி மக்களே, கேள்வித்தாள் விஷயத்தைக் கேட்டபிறகு பாதி இறங்கி வருகிறேன். கள்ளக்குறிச்சியை எழுந்து நின்று சொன்னாய் பார், அதற்காகவே.

மீதிப் பாதி இறங்கமாட்டேன். அந்த நாட்டின் பிழைப்பே இந்த ஒரு பொருளில் தொங்குகிறது. அதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது சொன்னார்களா, இல்லை நல்ல பக்கம் மட்டும்தானா?

தக்கலைப் பெண்:

ஆலையின் வழிகாட்டி சொல்லவில்லை, வண்டியில் திரும்பும்போது ஆசிரியை சொன்னார். மாமா, அந்த நாட்டு மக்கள்தொகை நம் மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஆனால் பரப்பளவு இருபது மடங்கு. ஒரு லட்சம் எக்டேருக்கு மேல் திராட்சை. சோவியத் காலத்தில் 1985-ல் கோர்பச்சோவ் மதுவுக்கு எதிராக இயக்கம் தொடங்கியபோது திராட்சைத் தோட்டங்களையே பிடுங்கிப் போட்டார்களாம். ஆசிரியையின் தாத்தா தோட்டமும் அதில் போனது. பிறகு 2006-ல் ரஷ்யா மால்டோவா ஒயினுக்குத் தடை போட்டது, 2013-ல் மறுபடியும். ஒரே சந்தையை நம்பியிருந்தவர்கள் கதவடைத்து நின்றார்கள். அதன்பிறகுதான் ஐரோப்பியச் சந்தைக்குத் தகுந்த மாதிரி தரம், சோதனை, பதிவேடு எல்லாவற்றையும் இறுக்கினார்கள். நாங்கள் பார்த்த ஆய்வகம் அந்த அடியில் வந்தது என்றார்.

கொல்லங்கோட்டான்:

1985-ல் அங்கே தோட்டத்தைப் பிடுங்கினார்கள், 1987 ஜனவரி முதல் இங்கே கள்ளுக்குத் தடை. அவர்கள் திரும்ப நட்டார்கள். நாம் 2003-ல் டாஸ்மாக்கைச் சில்லறைக் கடையாக்கினோம். பனையேறி மட்டும் டிரைவர் ஆகிவிட்டான்.

ஆரல்வாய்மொழிக் காற்று:

அது வேறு இழை தம்பி. தொடங்கினால் நானும் வருவேன், உனக்கு எதிராக.

கருங்கல் வாத்தியார்:

இடையில் ஒன்று, மாணவர்கள் வாசிப்பார்கள் என்பதால். இப்படிப்பட்ட ஆலைக்கு எந்த ஊரில் போனாலும் நொதிக்கிற தொட்டிக்குள் எட்டிப்பார்க்க வேண்டாம். ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிய ஏறக்குறைய 50 லிட்டர் கரியமில வாயு வெளிவரும். காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும், மணமில்லை. நம் ஊரில் கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அதை நம்பவும் கூடாது. திரி அணைகிற அளவிலேயே ஆளும் மயங்கிவிடலாம். அளக்கிற கருவி வேண்டும்.

பனங்காட்டு மகன்:

வாத்தியார் சார் சொன்ன ஐஸ் பெட்டி விஷயம் மனசில் கிடக்கிறது. கனத்தைப் பற்றிச் சொன்னீர்கள் பாருங்கள், அது சரி. ஒரு நாளைக்கு எத்தனை பனை, எத்தனை தடவை என்று கணக்குப் பார்த்தால் பெட்டியோடு ஏறுவது நடக்காத காரியம். ஆனால் மரத்தடியில் ஐஸ் பெட்டி வைத்து, இறக்கின உடனே அதற்குள் ஊற்றலாம். அது முடியும். வழக்கமான கலயத்தில் ஒன்று, எஃகுப் பாத்திரத்தில் ஒன்று, பக்கத்துப் பக்கத்துப் பாளையில் கட்டிப் பார்க்கலாம்.

தங்கச்சி, நீ லீவுக்கு எப்போது வருகிறாய்?

தக்கலைப் பெண்:

பங்குனி கடைசியில் வருவேன் அண்ணே. பி.எச். தாளும் தெர்மாமீட்டரும் என் கையில் இருக்கும். சர்க்கரை அளக்கிற கருவி வாத்தியார் சாரிடம் கிடைக்குமா?

கருங்கல் வாத்தியார்:

கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு எடுத்து வருகிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதணும், யாராவது ஒருவர் விடிலியிலேயே இருக்க வேண்டியிருக்கும்.

பனங்காட்டு மகன்:

நான் இருப்பேன். ஆனால் ஆறு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு அடுப்பு மூட்டிவிடுவோம். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, படம் எடுத்துக் குழுவில் போடலாம்.